பக்கத்தில் யாரும் இல்லாமல்

எனக்குக் கதை படித்துக் காட்டியது எங்கக்கா. தாராவி கிராஸ் ரோட்டுக் கடையிலிருந்து அப்பா வாரா வாரம் ஒரு தமிழ்ப் பத்திரிகை வாங்கி வருவார். அதில் வரும் தொடர்கதையை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா சத்தமாகப் படிப்பாள். நல்ல குரல் அவளுக்கு. கதாநாயகி அழுகிற இடத்தில் இவளுக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் சில இடங்களில் குரல் திடீரென்று ஓட்டம் பிடிக்கும், தாள் புரளும், கதை மறுநாள் காலைக்கு வந்திருக்கும். ராத்திரி என்ன நடந்தது என்று கேட்டால், "தூங்குனாங்க, வேற என்ன செய்வாங்க?" என்று முடித்துவிடுவாள். பத்துக்குப் பன்னிரண்டு அடி வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது பாவம், அவளும்தான் வேறென்ன படிப்பாள்? அந்த வயதில் எனக்கு அது உறைக்கவில்லை. எனக்கு மட்டும் பாதிக் கதைதான் கிடைக்கிறது என்ற கோபம்தான் இருந்தது.

எனக்குக் கண் ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் ராத்திரி போனது. 90 அடி ரோட்டிலிருந்து எங்கள் சந்துக்குள் திரும்பினால் தெருவிளக்கு வெளிச்சம் எட்டாது. மற்றப் பிள்ளைகள் துள்ளித் தாண்டுகிற சாக்கடைக் கல்லில் நான் மட்டும் இடறுவேன். அப்புறம் பக்கவாட்டுப் பார்வை சுருங்கியது. கரும்பலகையில் ஒரு சொல் தெரிந்தால் அடுத்த சொல்லுக்குக் கழுத்தைத் திருப்ப வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அப்பாவிடமும் அண்ணனிடமும் பேசினார். திரும்பி வந்த அண்ணன், "ஒண்ணுமில்ல, சத்துக் கொறவுதான். கீர திங்கச் சொன்னாரு" என்றான். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவன் படித்துக் காட்டியதிலும் கீரைதான் இருந்தது. ஆனால் "ஆர்.பி." என்று டாக்டர் சொன்னது கதவு வழியாக என் காதில் விழுந்திருந்தது.

அதற்குப் பிறகு பல வருஷம் என் வாழ்க்கையில் எழுத்தென்று வந்தது எல்லாமே இன்னொருவர் வாய் வழியாகத்தான் வந்தது. மார்க்‌ஷீட்டை அண்ணன் படித்தான். ஊர்ப்பக்கம் திருநெல்வேலியிலிருந்து அத்தை போடும் கடிதத்தை அம்மா படித்தாள். யாரைப் பற்றியோ திட்டியிருக்கும் வரியில் ஒரு பெருமூச்சு மட்டும் வரும். கல்லூரிக்குப் போய் எனக்கென்று ஒரு போன் வந்தபிறகு, அதற்கு வந்த குறுஞ்செய்திகளையும் அண்ணன்தான் படித்தான். கூடப் படித்த பையன் ஒருவன் அனுப்பிய மெசேஜை அவன் எனக்குப் படித்துக் காட்டவே இல்லை. நேராக அந்தப் பையனிடமே போய்ப் பேசிவிட்டு வந்தான்.

இவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. என்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். உடல் குறைபாடு உள்ள மாணவர்களுக்கான கருவிகளைப் பற்றிப் பேச வந்தவள் ஏன் குடும்பக் கதை சொல்கிறேன் என்றால், அப்படி ஒரு கருவி எனக்குக் கொடுத்தது என்ன என்று வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மேடையில் பேசுகிறவர்கள் 'சுயசார்பு' என்பார்கள், 'தன்னம்பிக்கை' என்பார்கள். சுயசார்பு எனக்கு முன்பே இருந்தது. அம்மா விடிகாலையில் இட்லி அவித்து விற்றவள். மாவு ஆட்டவும் தட்டில் ஊற்றவும் எனக்குக் கண்ணும் வேண்டியிருக்கவில்லை, கம்ப்யூட்டரும் வேண்டியிருக்கவில்லை. எனக்கு இல்லாமல் இருந்தது வேறு. ஒரு காகிதத்தோடு தனியாக இருப்பது என்பது என்னவென்றே எனக்குத் தெரியாது.

பத்தாவதை நெருங்கும்போது அம்மா என்னைத் தாதருக்குக் கூட்டிப்போனாள். தாதர் கிழக்கில் தாதாசாகேப் பால்கே ரோட்டில் பார்வையற்ற பெண்களுக்கான கமலா மேத்தா பள்ளி இருக்கிறது. 1900-ல் அமெரிக்க மராத்தி மிஷனைச் சேர்ந்த ஆனா மில்லார்ட் என்ற பெண்மணி தொடங்கியது. பத்தாவதுக்கு இவ்வளவு அருகில் வந்துவிட்டபோது பள்ளியும் மாற்றி, பாடமொழியும் மாற்றினால் தாங்காது என்று வீட்டில் முடிவானது. நான் தாராவியிலேயே தொடர்ந்தேன். பிரெய்லைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன், அதுவும் அரைகுறையாக. ஸ்லேட்டில் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்க வேண்டும். ஆறு வயதில் தொடங்குகிற பிள்ளையின் விரல் வேறு, பதினாறில் தொடங்குகிற விரல் வேறு. என் விரல் ஒரு பக்கம் முடிப்பதற்குள் பொழுது போய்விடும்.

அந்தப் பள்ளியில் படித்தவர்தான் உல்லாஸ்நகரைச் சேர்ந்த பிரஞ்சல் பாட்டில். ஆறு வயதில் பார்வை இழந்தவர். அங்கிருந்து செயின்ட் சேவியர் கல்லூரி, பிறகு ஜே.என்.யூ. யூபிஎஸ்சி 2016 தேர்வில் 773-வது இடம். பார்வையின்மையைக் காட்டி ரயில்வே கணக்குப் பணியைத் தர மறுத்தார்கள். அடுத்த ஆண்டுத் தேர்வில் 124-வது இடம் பிடித்து ஐஏஎஸ் ஆனார். சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெஃபைன் அதற்கு முன்பே, 2015-ல், வெளியுறவுப் பணியில் சேர்ந்திருந்தார். இருவரைப் பற்றியும் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அம்மாவின் தியாகம், அப்பாவின் தியாகம், கடின உழைப்பு. இரண்டு பேரும் 'ஜாஸ்' என்ற மென்பொருளில் படித்தவர்கள் என்பது அதில் ஏதோ ஒரு மூலையில் ஒற்றை வரியாக வரும். அந்த ஒற்றை வரியைத்தான் நான் கொஞ்சம் விரித்துச் சொல்லப் போகிறேன்.

ஜாஸ் என்பது ஸ்க்ரீன் ரீடர். திரையில் இருக்கும் எழுத்தை எடுத்துக் குரலாக்கும். இதைத் தொடங்கியவர் டெட் ஹென்டர் என்ற அமெரிக்கர். மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து 1978-ல் கார் விபத்தில் பார்வை இழந்தவர். நான் கல்லூரி சேர்ந்த காலத்தில் ஜாஸுக்கு ஒரு லைசன்ஸ் வாங்கும் காசில் ஒரு கம்ப்யூட்டரையே வாங்கிவிடலாம். செயின்ட் சேவியர் கல்லூரியில் 2003-ல் பார்வையற்றோருக்கான ஒரு மையம் தொடங்கினார்கள். அதை நடத்திய சாம் தாராபோர்வாலா சமூகவியல் பேராசிரியர், அவருக்கும் பார்வைக் குறைபாடு உண்டு. அங்கே முறையான ஜாஸ் இருந்தது. ஆனால் தினமும் தாராவியிலிருந்து அங்கே போய் வர எனக்கு ஆள் துணை வேண்டும். துணை வருகிறவருக்கு வேலை வெட்டி இருக்கும்.

ஆக, அண்ணன் லாமிங்டன் ரோட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டான். அதில் ஜாஸை இலவசமாக இறக்கிப் போட்டோம். பணம் கட்டாதவர்களுக்கு அது நாற்பது நிமிஷம் பேசும், பிறகு வாயை மூடிக்கொள்ளும். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டால் மறுபடி நாற்பது நிமிஷம். ஒரு பாடத்தின் நடுவில், ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுவிடும். சில மாதம் இப்படிப் போராடிவிட்டு, அதே லாமிங்டன் ரோட்டில் பூட்டை உடைத்த சிடி ஒன்றும் வாங்கினோம். திருட்டு மென்பொருள்தான். அன்று பம்பாயில் என்னைப் போலப் படித்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் அந்த சிடி இருந்தது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். எனக்கு அதைப் பற்றி இன்றும் வெட்கம் கிடையாது.

சிடி வந்த வாரத்தில், வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நான் முதலில் திறந்தது பாடத்தை இல்லை. கதவு வழியாகக் கேட்டிருந்த அந்த இரண்டு எழுத்தைத் தட்டினேன். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. மூக்கால் பேசுகிற அந்த அமெரிக்கக் குரல் நிறுத்தாமல் படித்தது. பரம்பரையாக வருவது. முதலில் இரவுப் பார்வை போகும், பிறகு ஓரங்கள், கடைசியில் நடு. மருந்து கிடையாது. கீரையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதன்பின் ஒரு வரி வந்தது. அதில் ஒரு சொல் புரியவில்லை. அம்புக்குறி விசையால் எழுத்து எழுத்தாகக் கேட்டு, அகராதியில் போட்டுப் பார்த்தேன். நெருங்கிய ரத்த உறவில் கல்யாணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்த நோயின் சில வகைகள் வரும் வாய்ப்பு கூடுதல் என்று இருந்தது.

எங்கம்மா அப்பாவுக்குச் சொந்த அக்கா மகள்.

அந்த வரியை அண்ணன் எனக்குப் படித்துக் காட்டியிருக்க முடியுமா? அம்மா அதே அறையில் மாவு அளந்துகொண்டிருக்கும்போது? அக்கா படித்திருப்பாளா? எந்தக் குரலில்? எனக்கு ஒளித்தார்கள் என்ற கோபம் அன்றைக்கே வடிந்துவிட்டது. அவர்களால் முடியாத ஒன்றை அந்த மிஷின் செய்தது, அவ்வளவுதான். அதற்கு இரக்கம் கிடையாது. அதனால் அதற்கு ஒளிக்கவும் தெரியாது. ஒரு மணி நேரம் அழுதிருப்பேன். அம்மா வருவதற்குள் முகம் கழுவிக்கொண்டேன். அம்மாவிடம் இன்றுவரை அந்த வரியைப் பற்றி நான் பேசியதில்லை. படித்ததை வைத்துக்கொண்டு யாரிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று முடிவு செய்யும் பாக்கியம் முதல் தடவையாக எனக்குக் கிடைத்திருந்தது. பின்னால், 2017 டிசம்பரில், ஆர்பிஇ65 என்ற ஒரு மரபணுவில் பழுது உள்ளவர்களுக்கு மட்டும் அமெரிக்காவில் ஒரு சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தார்கள். அந்தச் செய்தியையும் நானே படித்தேன். அண்ணன் படித்திருந்தால் 'மட்டும்' என்ற சொல்லை விழுங்கியிருப்பான்.

அழுது முடித்த மறுநாள் சினிமா கிசுகிசு தேடினேன். அதையும் சொல்லிவிட வேண்டும். பார்வையற்ற பெண் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டால் கலெக்டர் பரீட்சைக்குத்தான் படிப்பாள் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் தேடியது, யார் யாரை விவாகரத்து செய்கிறார்கள் என்று. அங்கேதான் தமிழ் என்னைக் கைவிட்டது.

அன்றைய தமிழ் இணையதளங்களில் பெரும்பாலானவை ஆளுக்கொரு எழுத்துருவில் இருந்தன. கண்ணுக்குத் தமிழ், உள்ளே கம்ப்யூட்டருக்கு அது ஆங்கில எழுத்துதான். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் அழகாக அம்மா தெரியும். உள்ளே கிடப்பது எம், கே, ஒரு அரைப்புள்ளி, இன்னொரு கே, ஒரு எச். ஸ்க்ரீன் ரீடருக்குத் திரையின் அழகு தெரியாது, உள்ளே கிடப்பதைத்தான் படிக்கும். 'தமிழ்' என்று எழுதியிருந்தால் "ஜே கே பி ஓ" என்று வாசிக்கும். என் தாய்மொழியில் ஒரு முழுப் பக்கத்தை அப்படிக் கேட்டுப் பாருங்கள், ரத்தம் கொதிக்கும். யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றுவிட்டது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-ல், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி. அறிவித்து இவ்வளவு காலமாகியும் இன்றைக்கு என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் கொண்டுவரும் நோட்ஸில் பாதி, டிடிபி கடைக்காரர் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்தது. மராத்தி நோட்ஸ் ஸ்ரீலிபியில் இருக்கும், அதே கதைதான். மீதிப் பாதி போனில் எடுத்த போட்டோ, அதைப் பிடிஎஃப் ஆக்கியது. லட்ச ரூபாய்க் கருவி வாங்கி வைத்தாலும் இந்த நோட்ஸ் வாயைத் திறக்காது. கருவி வழங்கும் விழாவுக்கு வருகிற பெரிய மனிதர்கள், கருவிக்குத் தீனி எங்கிருந்து வரும் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பூட்டுடைத்த சிடி தேவையில்லாமல் ஆனது என்விடிஏ வந்தபிறகு. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற இளைஞர் 2006-ல் தொடங்கினார், ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவரும் பார்வையற்றவர்கள், சிறுவயதில் ஓர் இசை முகாமில் சந்தித்துச் சிநேகிதமானவர்கள். தங்களுக்குத் தேவையானதைத் தாங்களே எழுதி, உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். அதில் இருக்கும் இஸ்பீக் குரலுக்குத் தமிழும் தெரியும். தகர டப்பாவுக்குள் இருந்து ஒருவன் பேசுவது போலத்தான் இருக்கும், ஆனால் தமிழ். பின்னால் ஐஐடி மெட்ராஸில் ஹேமா மூர்த்தி முன்னின்று பல நிறுவனங்கள் சேர்ந்து இந்திய மொழிகளுக்குக் குரல் செய்தார்கள். ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் தமிழ்க் குரல் வந்தது. அக்கா தாண்டிப்போன தொடர்கதையின் அந்த ராத்திரிகளை நான் படித்தபோது எனக்கு முப்பது வயதை நெருங்கியிருந்தது. ஒன்றும் பிரமாதமில்லை. அக்காவின் குரலில் இருந்த விறுவிறுப்பு கதையிலேயே இல்லை என்றும் தெரிந்துபோனது.

கேட்டுக் கேட்டே படிப்பதில் ஒரு நஷ்டமும் உண்டு. காதுக்கு ந, ன எல்லாம் ஒன்றுதான். ர எங்கே, ற எங்கே என்பதைக் குரல் சொல்லாது. பிரெய்லில் படித்த பெண்கள் எழுதினால் பிழை குறைவு. என் விரல் அரைகுறை என்பதால் நான் எழுதுவதைச் சொல் சொல்லாக எழுத்துக்கூட்டிச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. இப்போது போனும் குரலும் வந்துவிட்டதே, பிரெய்ல் எதற்கு என்று கேட்கும் பெற்றோர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். ஆறு புள்ளியும் வேண்டும், குரலும் வேண்டும்.

பரீட்சையில் மட்டும் கருவிக்கு வேலையில்லை. அங்கே ஸ்க்ரைப். நான் சொல்ல, இன்னொருவர் எழுத வேண்டும். பரீட்சை மாதத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பரீட்சை, ஸ்க்ரைபுக்கு எங்கே போவது? தமிழ்த்தாளுக்குத் தமிழ் எழுதத் தெரிந்த ஆளாகவும் இருக்க வேண்டும், அதுவும் பம்பாயில். எனக்கு வாய்த்தவள் மாட்டுங்காவில் ஒரு பள்ளி மாணவி. நான் தப்பாக ஒரு வருஷத்தைச் சொல்லிவிட்டால் பேனா நின்றுவிடும். வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாள், அவ்வளவு நேர்மை. ஆனால் அந்த மூச்சு! சரியான விடைக்கு ஒரு மூச்சு, தப்புக்கு ஒரு மூச்சு. இரண்டாவது தாளுக்குள் எனக்கு அது பிடிபட்டுவிட்டது. பேனா நின்றால் நான் உடனே, "இல்ல இல்ல, அத அடிச்சிடும்மா" என்பேன். பேராசிரியர்கள் படித்து மார்க் போட்ட விடைத்தாளில் எவ்வளவு என் அறிவு, எவ்வளவு அவள் மூச்சு என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.

2013-ல் மத்திய அரசு கொடுத்த வழிகாட்டுதலில் ஸ்க்ரைப் மட்டும்தான் என்று இல்லை. கம்ப்யூட்டரில் எழுதலாம், அந்தக் கம்ப்யூட்டரை ஒரு நாள் முன்னதாக வந்து சரிபார்த்துக்கொள்ளலாம், ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது இருபது நிமிஷம் கூடுதல் உண்டு என்றெல்லாம் தெளிவாக இருந்தது. 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் என்பவர் யூபிஎஸ்சிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறால் எழுத முடியாதவருக்கும் ஸ்க்ரைப் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. என் மாணவி ஒருத்தி போன வருஷம் கம்ப்யூட்டர் கேட்டாள். பரீட்சை நடத்துகிறவர்கள், "ஸ்க்ரைப் ஏற்பாடு பண்ணித் தர்றோமே, அது சுலபமாச்சே" என்றார்கள். யாருக்குச் சுலபம்?

செம்பூரில் பேச்சு வராத பிள்ளைகளோடு வேலை செய்யும் சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள். அவள் சொன்ன ஒரு விஷயம் எனக்கு இதோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மூளைவாதம் உள்ள குழந்தைகள் டேப்லெட்டில் படத்தைத் தொட்டால் அது அவர்களுக்காகப் பேசும். சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்' அப்படி ஒன்று, தமிழிலும் பேசும். படங்களை அடுக்கிக் கொடுப்பது பெரியவர்கள். தண்ணீர் வேண்டும், பாத்ரூம் போக வேண்டும், நன்றி, வணக்கம் என்று அடுக்குகிறார்கள். ஒரு பையன் எதையுமே தொட மாட்டேன் என்று இருந்தான். சிநேகிதி ஒருநாள் யாருக்கும் தெரியாமல் "போடா" என்று ஒரு கட்டத்தைச் சேர்த்தாளாம். அன்று முழுக்க அந்த வகுப்பில் யாரையும் அவன் விட்டுவைக்கவில்லை. ஒரே ஒரு விரலால் தட்டி முழுப் புத்தகம் எழுதிய மாலினி சிப், 1972-ல் பம்பாயில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கிய மிது ஆலூரின் மகள். தன் ஆசைகளையும் ஏமாற்றங்களையும் பற்றி அவர் அதில் எழுதியதைப் படித்தபோது, இதைத் தன் வாயால் இன்னொருவரிடம் சொல்லி எழுதச் சொல்லியிருந்தால் பாதி வந்திருக்காது என்று தோன்றியது.

இப்போது நான் தாதர் மேற்கில் ஓர் அறையில் வாரம் சில நாள் ஸ்க்ரீன் ரீடர் சொல்லிக்கொடுக்கிறேன். சியோனில் லோக்கல் ரயிலின் ஹேண்டிகேப் டப்பாவில் ஏறி, தாதரில் இறங்கி, பாலம் ஏறி பூ மார்க்கெட் வாசனையைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். 2023 டிசம்பரில் தாதரில் பிளாட்ஃபாரம் நம்பரையெல்லாம் மாற்றினார்கள். மத்திய ரயில்வேயின் ஒன்று எட்டானது. நகரமே குழம்பித் தவித்தது. எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, நான் நம்பரைப் பார்த்துப் போகிறவள் இல்லையே.

அந்த டப்பாவில்தான் எனக்கு இன்னொன்று தெரியவந்தது. ஒருநாள் போனில் இயர்ஃபோன் மாட்டி ஒரு மெசேஜைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சம்பளப் பாக்கி பற்றிக் கொஞ்சம் காரமான மெசேஜ். பக்கத்திலிருந்த அம்மாள் என் தோளைத் தட்டி இந்தியில், "நீயும் சூடா ஒண்ணு போட்டுடு, விடாத" என்றாள். எனக்குத் தெரியாத திரை அவளுக்குத் தெரிந்துகொண்டிருந்தது! இயர்ஃபோன் போட்டால் ரகசியம் என்று நினைத்தவள் நான். ஊரே எனக்கு முன்னால் படித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஆண்ட்ராய்டின் டாக்பேக்கில் இதற்கு வழி இருக்கிறது. மூன்று விரலால் தட்டினால் மெனு வரும், அதில் திரையை மறைப்பதற்கு ஒன்று உண்டு. போட்டால் திரை கறுத்துவிடும். போன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். ஐபோனில் மூன்று விரலால் மூன்று தடவை. இது தெரிந்ததிலிருந்து என் முதல் பாடமே இதுதான். மெயில் அனுப்புவது, பாடம் தேடுவது எல்லாம் அப்புறம்.

சென்ற மாதம் தாராவியிலிருந்து பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். கூட அவள் அம்மா. நான் சொல்லிக்கொடுக்கும்போது அந்த அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "டீச்சர், அந்த வயர எடுத்துட்டுச் சத்தமா போடச் சொல்லுங்களேன். அவ என்ன கேக்கான்னு எனக்கும் தெரியணும்லா?"

"எதுக்கும்மா தெரியணும்?" என்றேன்.

"பொம்பளப் புள்ளல்லா. கண்ணும் தெரியாது. நாளப்பின்ன எவனாவது எதாவது அனுப்பிட்டாம்னா?"

"அனுப்பினா அவளே படிச்சிட்டு உங்ககிட்ட சொல்லுவா. இல்லன்னா சொல்ல மாட்டா. உங்களுக்கு வந்த எல்லாத்தையும் நீங்க உங்க அம்மாகிட்ட சொன்னீங்களா?"

அந்த அம்மா பதில் சொல்லவில்லை. கோபமா சிரிப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்? முந்தானையை உதறிய சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பெண் கெட்டிக்காரி. மூன்று விரலையும் ஒன்றாக வைக்க முதலில் தடுமாறினாள், அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டாள். குரல் வேகத்தைக் கூட்டச் சொன்னாள், இன்னும் கூட்டச் சொன்னாள்; கடைசியில் பக்கத்தில் இருந்தால்கூட மனிதக் காதுக்குப் புரியாத வேகத்தில் வைத்துக்கொண்டாள். இயர்ஃபோனைக் கழற்றிவிட்டே கேட்டாலும் அவள் அம்மாவுக்கு ஒரு எழுத்து புரியாது. வேண்டுமென்றே செய்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அந்த அம்மாவிடமிருந்து போன். பதற்றம். "டீச்சர், நீங்க என்னத்தச் சொல்லிக் குடுத்தீங்களோ, போன் செத்துப்போச்சு. ஸ்கிரீன் ஒரே கறுப்பு. நானும் எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பாத்துட்டேன். புதுப் போனு டீச்சர், இன்னும் தவண கட்டி முடியல. ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோகவா?"

பின்னால் அந்தப் பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"கொண்டுபோகாதீங்க. போன் நல்லாத்தான் இருக்கு. அவ கையில குடுத்துடுங்க" என்றேன்.